நெத்தலி பொரியும் சத்தம்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான், சிறியதொரு நிகழ்ச்சியைச் சொல்லத் துணிந்துவிட்டேன். அதுவும் வெட்கப்பட வேண்டிய நிகழ்ச்சி. வாசகப் பெருமக்கள் என் துணிச்சலையும் சொற்குற்றங்களையும் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

“கேட்டியளே? உங்கடை கை கதைக்குது, அண்ணை!” என்றாள் நாகேஸ்வரி.

ஒலிபெருக்கியிலிருந்து எழுந்த படபடப்பைக் கேட்டுச் சிமியோனின் மனைவி அற்புதராணி வாயைப் பொத்திக்கொண்டாள். “மாதாவே! நெத்தலி பொரியிற சத்தமெல்லோ இது!”

பல்கலைக்கழகத்தின் அந்தச் சிறிய நரம்பியல் ஆய்வுகூடத்தில், தசைக்குள் ஓடும் நுண்ணிய மின்சாரத்தைச் சத்தமாக மாற்றும் கருவி ஒன்று இருந்தது. போரினால் நகரில் மின்சாரம் இல்லாமற்போன பின்னர் அதனை லொறிப் பற்றரி ஒன்றிலே இயக்கினார்கள். வண்ண வயர்கள் பழுதான இடமெல்லாம் சைக்கிள் விளக்கின் கறுப்பு வயரே போடப்பட்டிருந்தது.

ஆய்வு உதவியாளரான நாகேஸ்வரி காலையில் தன் இடக்கையில் உலோகத் தட்டுகளை ஒட்டி, கருவியைச் சோதித்த பிறகே நோயாளரை அழைப்பாள். ஒட்டும் பசை கிடைப்பது அரிது. ஆகையால் மாலை வரை அவற்றைக் கழற்றாமல், வயரின் நுனியை மட்டும் கருவியிலிருந்து பிடுங்கி மேசையில் போட்டுவிடுவாள். அவளுடைய சிக்கனத்தை எல்லாரும் மெச்சினார்கள்.

சிமியோன் குருநகர்க் கடற்றொழிலாளி. பீரங்கிச் செல் துண்டொன்று அவருடைய வலக்கையை முழங்கைக்கு மேலே கிழித்திருந்தது. காயம் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை.

நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் வீட்டிலிருந்தே தேறலாம். அறுந்திருந்தால் தாமதியாமல் கொழும்பிலே தைக்க வேண்டும். பிந்தினால் கை பயன்படாது. அன்று புறப்படவிருந்த நோயாளர் கப்பலில் அவருக்கோர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் போக வேண்டுமா, இருக்கலாமா என்பதைக் கருவிதான் சொல்ல வேண்டும்.

நாகேஸ்வரி அவருடைய கையிலும் தட்டுகளை வைத்துப் பட்டியால் கட்டி, கறுப்பு வயரொன்றைக் கருவியில் செருகியிருந்தாள். முதலில் அவராக முயன்றபோது கருவி மௌனமாகவே இருந்தது. “அப்பிடியில்லை, இப்பிடி இறுக்கி மடக்குங்கோ” என்று நாகேஸ்வரி தன் இடக்கை விரல்களை மடக்கிக் காட்டினாள். அப்போதுதான் நெத்தலி பொரிந்தது.

“எனக்கெண்டால் ஒண்டும் மடங்கினமாதிரித் தெரியேல்லைப் பிள்ளை” என்றார் சிமியோன்.

“முதல் நரம்பு முழிக்கும். விரல் பிறகுதான் முழிக்கும். மெசின் பொய் சொல்லாது, அண்ணை.”

“இந்த மனிசனுக்குத் தன்ரை கையிலையும் சந்தேகம்!” என்று அற்புதராணி சிரித்தாள். “என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் உப்பிடித்தான். படலை வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போனவர்.”

சிமியோன் வெட்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டார். படித்த பிள்ளையின் முன்னால் மறுத்துப் பேசியது தவறென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சத்திர சிகிச்சை நிபுணர் தியாகலிங்கம் அவசரமாக உள்ளே வந்தார். “வடிவாப் பாத்தனீரோ, நாகேஸ்வரி? எல்லா வயரையும் கழட்டிப் பூட்டி இன்னொருக்காப் பாருமன். கப்பலுக்குப் போற லொறி வெளிக்கிடப் போகுது.”

“நான் பிழையாப் பாக்கிறேல்லை, சேர்.” பணிவாகத்தான் சொன்னாள், குரல் மட்டும் சற்று உயர்ந்துவிட்டது. வயர்களைத் தொடாமல், மறுபடியும் விரல்களை மடக்கிக் காட்டினாள். மறுபடியும் பொரிந்தது.

டொக்டர் தலையசைத்தார். சிமியோனுக்கிருந்த இடம் நீர்வேலியைச் சேர்ந்த கண் நோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய மகள் ஓடிவந்து சிமியோனின் கால்களைத் தொடக் குனிந்தாள்.

“விடு பிள்ளை, விடு! எனக்குக் கை வந்திட்டுதாம்” என்று அவர் கூச்சத்துடன் பின்வாங்கினார்.

நோயாளரை ஏற்றிய லொறி பருத்தித்துறைத் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. அடுத்த கப்பல் எப்போது வருமென்பதை எவரும் அறியார்.

லொறியின் இரைச்சல் அடங்கியதும் அற்புதராணி மூச்சை நிதானமாக விட்டாள். “வள்ளம் கரையிலை கிடந்து உக்குது. இனி நீங்களே இறக்குவியள். நான் வேறை ஆருக்கும் அதைக் குடுக்க மாட்டன்.”

“முதல் கொண்டுவாற பாரை மீன் இந்தப் பிள்ளைக்குத்தான்” என்றார் சிமியோன். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது மட்டுந்தான்.

“எனக்கு நெத்தலியே காணும், அண்ணை” என்று நாகேஸ்வரியும் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு கைகளாலும் அவருடைய கையிலிருந்த பட்டியை அவிழ்த்தாள். கருவி பொரிந்தது. தட்டுகளைக் கழற்றி, துடைத்து, அவற்றின் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். கருவி பொரிந்துகொண்டேயிருந்தது.

அற்புதராணி கைதட்டினாள்.

“இஞ்சை பாருங்கோ பிள்ளை, வயரைக் கழட்டியும் இவரின்ரை கை கதைக்குது!”

நாகேஸ்வரி தன் இடக்கையை மெல்லத் தளரவிட்டாள். கருவி அடங்கியது.

கப்பலில் ஓர் இடம் போயிற்று. அறுந்த நரம்பைத் தைக்கும் காலம் போயிற்று. சிமியோனின் வலக்கை போயிற்று.