குலுக்காத குதிரை

“நான் இறங்கேல்லை. குதிரை மயிர் பட்டால் தும்மித் தும்மியே செத்துப்போவன்” என்று காருக்குள்ளேயே இருந்துவிட்டான் அருந்தவன். கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டான்.

நிரூபா வற்புறுத்தவில்லை. அவளுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தபிறகு குதிரைப் பேச்சே கூடாது என்று நின்ற மனுஷன், இப்போது தானாகவே குதிரை வாங்கச் சம்மதித்ததே பெரிய விஷயம். புது வேலை கிடைத்து அடுத்த மாதம் அவன் சிட்னிக்குப் போகிறான். அவளுக்கு வேலை மெல்பேணில். “நான் இல்லாத நேரம் உமக்கும் ஒரு துணை வேணும்தானே” என்று அவன் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். இடம் த பேசின் என்றதும், “அவ்வளவு தூரமோ? வேற பாப்பம்” என்றான். ஒவ்வொரு சனியும் பேசின் பிள்ளையார் கோயில் மடைப்பள்ளித் தொண்டுக்கு ஓடுகிறவனுக்கு இன்றைக்கு மட்டும் தூரமாம்.

வளவு வாசலில் கபிலன் குதிரையோடு நின்றான். தங்கையின் குதிரையை விற்றுக்கொடுக்கப் பிரிஸ்பேனிலிருந்து முதல்நாள்தான் வந்திருந்தான்.

“தங்கச்சி இடம் மாறிப் போட்டா அக்கா. இது சரியான சாது. குலுக்காமல் நடக்கிற இனம். மேல இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.”

நிரூபா கரட்டை நீட்டினாள். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“புது ஆக்களின்ர கையால வாங்காது. கொஞ்ச நாள் பழகவேணும்.”

கபிலன் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்தான். காருக்கும் ஒரு கோப்பை போனது, கண்ணாடி இறங்கியது. அருந்தவன் சீனி போட்டுக் குடிக்கமாட்டான். சட்டைப்பையில் எப்போதும் பனங்கட்டி இருக்கும். ஒரு கடி, ஒரு மிடறு. பருத்தித்துறையிலிருந்து மாமி எவ்வளவு அனுப்பினாலும் இரண்டு கிழமை தாங்காது. கோயிலில் எல்லோரும் கேட்கிறார்களாம்.

நிரூபா மெல்ல ஏறி உட்கார்ந்தாள். குதிரை வேகம் எடுத்தும் முதுகில் ஒரு வலி இல்லை. இனி மலைப்பாதைக்குத் திரும்பவும் போகலாம் என்று நினைக்க அவளுக்கு அழுகையே வந்தது.

“இதையே எடுப்பம்” என்று காரைப் பார்த்துச் சொன்னாள்.

குதிரையும் அந்தப் பக்கம் பார்த்தது. அவள் கடிவாளத்தை இழுத்தும் கேட்காமல் நேரே காரடிக்குப் போய், இறங்கியிருந்த கண்ணாடி வழியே தலையை நுழைத்து, அருந்தவனின் சட்டைப்பையைத் துழாவியது.

அருந்தவன் தும்மவில்லை. அவன் கை தன்பாட்டில் எழும்பி அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தது. பிறகுதான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். குதிரை அவன் உள்ளங்கையிலிருந்து பனங்கட்டியை எடுத்து மென்றுகொண்டிருந்தது.

அவன் கோயிலுக்குப் போன சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக நிரூபாவின் கண்முன் வந்தன. கேட்காமல் இருக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை.

“தம்பி, உங்கட தங்கச்சி எந்த ஊருக்குப் போட்டா?”

பின்னால் ஓடிவந்த கபிலன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“சிட்னிக்கு, அக்கா.”