இருமல் பொத்தான்

ஜனாதிபதி தொண்டையைச் செருமியது ஹெட்போனில் அவள் காதுக்குள் கேட்டது.

மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் சிங்களத்தில் பேசப் பேச, அவள் தமிழில் சொல்ல வேண்டும். அவர் "நான்" என்றால் அவளும் "நான்" என்பாள். சம்பளம் அதற்குத்தான்.

கீழே பாராளுமன்றச் சபை நிறைந்திருந்தது. கூட்டத்தொடர் தொடங்கும்போது ஜனாதிபதி வந்து கொள்கை உரை ஆற்ற வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. அன்றைக்கு அவர் பேசுவார். எதிர்த்துக் கேட்கும் வழக்கமில்லை.

உரை காலையிலேயே கைக்கு வந்துவிட்டது. குளம், வீதி, வேலைவாய்ப்பு. எல்லாம் போன வருடம் சொன்னவைதான்.

கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

காணாமல் போனவர்கள் எவரும் இன்று உயிருடன் இல்லை.

வன்னியில் அக்கா தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாள். அரசியல் அவளுக்கு ஆகாது. தங்கையின் குரலுக்காக மட்டும் கேட்பாள். முடிந்ததும் போன் எடுத்து, குரல் அடைத்திருக்கிறதே, தடிமனா, தண்ணீர் குடித்தாயா என்பாள்.

அக்காவின் மகன் துவாரகன். யுத்தத்தின் கடைசி நாட்களில், விசாரணை என்று இராணுவத்தினர் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை.

அவனுக்கு அக்கா ஒரு திவசம்கூடக் கொடுத்ததில்லை. கொடுத்தால் பிள்ளையை நானே கொன்றதாகிவிடும் என்பாள்.

கடைசிப் பக்கத்தைத் தான் பேசுவதாக, பக்கத்து நாற்காலியில் இருந்த சக மொழிபெயர்ப்பாளன் ரிஸ்மி சொன்னான். அவள்தான் மறுத்தாள். அக்காவுக்கு அதை யாரோ ஒருவர் சொல்லக் கூடாது.

அந்த இடம் வந்தது.

ஜனாதிபதி சொன்னார்.

அவள் வாயைத் திறந்தாள்.

விரல் தானாகப் போய் இருமல் பொத்தானை அழுத்தியது. பேசுகிறவருக்கு இருமல் வந்தால் வெளியே கேட்காமல் இருப்பதற்காக வைத்த பொத்தான் அது. அழுத்தியிருக்கும் வரை மைக் ஊமை.

அவள் இருமவில்லை. அழுதாள்.

விரலை எடுத்தபோது ஜனாதிபதி அடுத்த வரிக்குப் போயிருந்தார். அவளும் போனாள்.

"இந்த நாட்டின் எல்லாத் தாய்மாரின் கண்ணீரையும் நான் அறிவேன்."

குரல் பிசகவில்லை.

சபை கலைந்தது. ரிஸ்மி தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனான்.

போன் அடித்தது.

தடிமனா என்று கேட்டாள் அக்கா. ஓம் என்றாள் இவள்.

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

"இவ்வளவு காலத்தில நீ ஒருநாளும் இடையில நிப்பாட்டினதில்லை. இண்டைக்குத் தாய்மாரின்ர கண்ணீர் எண்டதுக்கு முன்னால நிப்பாட்டினனீ."

அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினாள்.

"அப்ப, பிள்ளைக்குத் திதி எண்டைக்கு எண்டும் அவர் சொன்னவரோ?"

அவள் விரல் மறுபடியும் அந்தப் பொத்தானைத் தேடிப் போனது.