சிவப்பு மை

ஜெஸிந்தாவின் கைகள் அவள் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சும் குழறும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுடைய தேர்வுகளை வேறு யாராவதுதான் எழுதினார்கள். அவள் சொல்வதில் புரிந்ததை எழுதிவிட்டு, மிச்சத்தைத் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பிவிடுவார்கள். மதிப்பெண் நன்றாகவே வரும். இந்த ஆண்டு கல்லூரியில் அவளுக்கென்று ஒரு கணினி கொடுத்தார்கள். விசைப்பலகையின் மேல், ஒவ்வொரு விசைக்கும் நேராகத் துளையிட்ட தகடு ஒன்று பொருத்தியிருந்தது. நடுங்கும் கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு விரலைத் துளைக்குள் இறக்கினால் போதும், பக்கத்து எழுத்து விழாது. தமிழ்த் தேர்வை முதன்முறையாக அவளே எழுதினாள்.

பேராசிரியர் அருளப்பன் விடைத்தாளைத் தயங்கித் தயங்கி அவள் முன் வைத்தார். தாள் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். ஒற்று வரவேண்டிய இடங்களிலெல்லாம் ஒற்று இல்லை.

"மார்க் ரொம்பக் குறைஞ்சுபோச்சும்மா. பழையபடி எழுதுறதுக்கு ஆள் வெச்சுக்கலாமா? ஆபீஸ்ல நான் சொல்றேன்."

ஜெஸிந்தா வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளுடைய பிழை ஒன்றுகூட எந்த ஆசிரியர் கண்ணிலும் பட்டதில்லை. கையைத் தகட்டின்மேல் ஊன்றினாள். அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். திரையில் எழுத்துகள் மெதுவாக வந்தன.

'வேண்டாம் சார். இதெல்லாம் என் தப்பு. திருத்தி கொடுத்ததற்கு நன்றி.'

அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவின் மூடியால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"'திருத்தி'க்கு அப்புறம் ஒரு 'க்' வரணும்மா."

ஜெஸிந்தா சிரித்துக்கொண்டே அந்தத் துளையைத் தேடினாள்.