கரையாத துண்டு

ஆய்வகத்தின் ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மேசைமேல் விழுகிறது. ஆராய்ச்சிக்காரி மூடிய கண்ணாடிக் குப்பியை அந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குலுக்குகிறாள். உள்ளே கரைப்பானில் ரப்பர் போல ஒரு துண்டு மிதக்கிறது. பாஸ்பரசும் நைட்ரஜனும் மாறி மாறிக் கைகோத்து நிற்கும் வளையத்திலிருந்து வந்தது அது. அந்த வளையத்தின் வெள்ளைப் படிகங்களைக் காற்றில்லாத கண்ணாடிக் குழாயில் அடைத்து இரண்டு நாள் உலையில் வைத்திருந்தாள். வளையம் அறுந்து நீண்ட சங்கிலியானால் கரையும். சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் கரையவே கரையாது. கரைந்தது என்று இரண்டு வருஷத்துக்கு முன் கட்டுரை எழுதிவிட்டாள். அதற்கப்புறம் பதினோரு முறை செய்தும் கரையவில்லை. நாளைக்குள் செய்து காட்டாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று அதை வெளியிட்ட ஆய்விதழில் சொல்லிவிட்டார்கள். துண்டு ஊறி விரல் பருமனுக்கு உப்பியிருக்கிறது. ஓரம் மங்குவது போலத் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். மங்கவில்லை, அவள் கண்தான் கலங்கியிருக்கிறது. குழாயின் வாயைத் தீயில் உருக்கி மூடிக் கொடுத்த கண்ணாடிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

“கரையுதாம்மா?”

“கொஞ்ச நேரம் ஆகும்ண்ணே.”

“காலைலயும் அதான் சொன்னே.”

அவர் பக்கத்தில் வந்து குப்பியை வாங்கக் கை நீட்டுகிறார். அவள் கொடுக்கவில்லை.

“அன்னிக்கு நெஜமாவே கரைஞ்சுதுண்ணே. நீங்களும்தானே பாத்தீங்க?”

அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

“பாத்தேம்மா,” என்கிறார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் குலுக்குவதை நிறுத்துகிறாள்.