மூன்றுக்குக் கீழே

ஸ்கேன் அறையில் இருந்தவர்கள்: படுக்கையில் என் தங்கை. அவள் வயிற்றில் கருவியை அழுத்திக்கொண்டிருந்த டாக்டரம்மா. சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு அப்பா. வேலையிடத்திலிருந்து போனில் அம்மா. அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

தங்கைக்குப் பத்தொன்பது வயது. பெருங்குடலில் புண் வரும் நோய். ஆறும். திரும்பவும் வரும்.

வந்திருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்கக் குழாய் உண்டு. முதல் நாள் முழுக்க மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். மறுநாள் பின்வழியாகக் கேமரா. தங்கை அதைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. 'அது' என்பாள்.

இன்று குழாய் இல்லை. ஜெல் தடவி, வயிற்றின் மேலேயே கருவியை நகர்த்தினால் குடலின் சுவர் திரையில் தெரியும். சுவர் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் வீக்கம். வீக்கம் என்றால் அடுத்த வாரமே 'அது'.

"மூச்சை இழுத்துப் பிடிம்மா."

அப்பாவும் பிடித்தார். நானும்.

வீட்டிலேயே டப்பாவில் மலம் எடுத்துக் கொடுக்கும் சோதனையும் இருக்கிறது. குடலில் புண் இருந்தால் அதில் ஓர் எண் ஏறும். இந்த முறை எண் நன்றாகத்தான் வந்தது. டாக்டரம்மா அதை மட்டும் நம்பத் தயாராக இல்லை.

போன வருடமும் எண் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு சுத்தமான எண். அது வந்த எட்டாம் நாள் காலை தங்கை கழிவறையில் ரத்தமாகப் போய் மயங்கி விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அப்பா தோளால் மூன்று முறை இடிக்க வேண்டியிருந்தது.

லேபில் தவறு நடந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அன்றே அப்பா தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரே கழிவறை. அவள் உள்ளே போனால் யாராவது வெளியே உட்கார வேண்டும் என்று ஆனது. பெரும்பாலும் நான்தான். பார்சல் கிடங்கில் நைட் ஷிஃப்ட்டை விட்டுவிட்டேன். வேறு வேலையும் தேடவில்லை. தங்கை எனக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தாள்.

இரண்டு நிமிடத்துக்கொருமுறை அவள் குரல் கொடுக்க வேண்டும். "உயிரோடதான் இருக்கேன்!" என்று கத்துவாள். ஒருநாள் அவள் தோழிகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றும் கத்தினாள்.

அதன் பிறகு தோழிகளை வீட்டுக்கு அழைத்து வருவதில்லை.

டாக்டரம்மா திரையில் இரண்டு புள்ளி வைத்தார். நடுவே ஒரு கோடு விழுந்தது. கருவியை நகர்த்தி இன்னோர் இடத்தில் வைத்தார். இன்னும் ஓரிடம்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு. ரெண்டு புள்ளி நாலு. இங்கயும் ரெண்டுதான்."

போன் வெடித்தது. "என்னடா அது, மில்லியா சென்டியா? சரியாச் சொல்லித் தொலையேன்டா!"

"மில்லிம்மா."

"அது நல்லதா கெட்டதா?"

டாக்டரம்மா போன் பக்கம் குனிந்தார். "உங்க பொண்ணு நல்லா இருக்காம்மா. குழாயெல்லாம் இப்போ வேண்டாம்."

 போனில் மூக்கைச் சிந்தும் சத்தம்.

தங்கை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார்கள். அதில் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கழிவறை வாசலுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். பழைய தாழ்ப்பாள். நான்கு திருகாணிகள். ஒரு வருடமாக எங்கே வைத்திருந்தாரோ, துருவே இல்லை.

இடித்ததில் கதவின் ஓட்டைகள் அகன்றிருந்தன. தீக்குச்சிகளை ஒடித்து ஒவ்வொன்றிலும் திணித்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார்.

"நீ மாட்டு."

"நீங்களே மாட்டுங்கப்பா."

அவர் கையை இறக்கவில்லை. குரலை மட்டும் இறக்கினார்.

"போன வருஷம் அந்த டப்பாவோட நீதான் உள்ளருந்து வந்த. அடுத்துப் போக வெளிய நின்னது நான். பார்த்தேன்டா. என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கல."

நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வந்தவனிடம் தங்கை டப்பாவை நீட்டியிருந்தாள். அண்ணா, ஒரே ஒரு தடவை என்றாள். எண் ஏறினால் மறுபடியும் 'அது' என்று அழுதாள். தூக்கக் கலக்கம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கமெல்லாம் இல்லை. அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. டப்பாவை நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுத்தமான எண் என்னுடையது.

அப்பா தாழ்ப்பாளைக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் முறுக்கினேன். மூன்றாவது திருகாணியில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. "மெதுவா," என்றார். அவ்வளவுதான்.

தங்கை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தாழ்ப்பாளை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"வாட்ச்மேன், உனக்கு வேலை போச்சு," என்றாள்.

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.