குமிழின் நடுக்கம்
ஆய்வகத்தில் லேசர் ஒளி தள்ளினால் அந்தக் கருவியின் மெல்லிய சவ்வு அதிரும். சவ்வு அதிர்ந்தால் ஒளிக்கு இன்னும் மூர்க்கம் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக் கைமீறிப் போவதற்குச் சற்று முன்பு, உமையாளின் விரல்தான் கட்டுப்பாட்டுக் குமிழைத் திருகி ஒளியைத் தணிக்கும். கூடவே ஆராய்ச்சி செய்த பரிதி அந்த விரலசைவுகளை ரகசியமாகப் பதிவுசெய்து ஓர் இயந்திரத்துக்குப் பழக்கியிருந்தான் என்பது, இன்று ஆய்வைப் பார்க்க வந்த விருந்தினர் முன்னால் குமிழ் தானாகத் திரும்பியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பாதியில் குமிழ் தயங்கி, லேசாக நடுங்கியது. பரிதி பின்னால் வந்து அவள் தோளில் முகம் வைக்கும்போதெல்லாம் அவள் விரல் அப்படித்தான் நடுங்கும்.

"அது என்னப்பா, நடுவுல ஒரு ஆட்டம்?" என்றார் ஒருவர்.

"சின்னப் பிழை சார்," என்றான் பரிதி. "எடுத்துடலாம்."