ஏழரை மணி எபிசோடு

"பேரு லிங்கதுரை. வயசு இருபத்திமூணு. இப்ப இருக்கிறது வளசரவாக்கம்."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

போனைப் பார்த்துப் பேசச் சொன்னால் வாய் தானாக இதில்தான் தொடங்குகிறது. இரண்டு வருடமாக எந்த சீரியல் கம்பெனி வாசலில் நின்றாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

அழிக்க நேரமில்லை. மணி ஆறே முக்கால்.

மைக்கை மறுபடி அழுத்தினான்.

"அம்மா, நாந்தான். இன்னைக்கு ஏழரைக்கு நான் வர்ற சீரியலப் பாக்காத."

பேசப் பேசப் போனில் எழுத்தாக விழுந்தது.

ஷூட்டிங் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். உடம்பில் கம்பெனி கொடுத்த பட்டுச்சட்டை. இன்றைக்கு அவன் கல்யாண வீட்டு விருந்தாளி. காலையிலிருந்து ஒரே இலை முன்னால் உட்கார்ந்து, ஒரே லட்டை வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்து, தோள் விட்டுப்போயிருந்தது.

கூப்பிட்டே சொல்லலாம். ஆனால் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும். பக்கத்துக் கட்டிலில் அக்கா இருப்பாள்.

எழுதி அனுப்பினால், வாசிக்கத் தெரியாத அம்மாவை எதிர்வீட்டு டெய்சி சித்தி வெளியே கூப்பிட்டு வாசித்துக் காட்டுவாள்.

அக்கா பேசி நான்கு மாதம் ஆகிறது.

பத்து நாளாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும். அதுவும் ஸ்பூனில்.

நாளைக் காலை பெரியாஸ்பத்திரியில் அவள் மனநோய்க்குத் தலையில் கரண்ட் வைக்க வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டால்தான் வைப்பார்கள். ஒரு வாரம் போனிலேயே மல்லுக்கட்டினான்.

"கரண்டுன்னா புள்ள துடிப்பாளால?"

"இல்லம்மா. மயக்க ஊசி போட்டுத்தான் வைப்பாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. டாக்டரே ஏங்கிட்ட சொன்னாரு."

நேற்றுத்தான் சம்மதித்தாள்.

"நீ சொன்னாச் சரிதாம்ல."

அவன் சொன்னதைத்தான் நம்பினாள். இன்றைக்கு ஏழரைக்கு அவனையே பார்க்கப் போகிறாள்.

போன மாதம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி செட். ஒரு ஆள் குறைந்தது. யாருக்குப் பைத்தியமாக நடிக்க வரும் என்று டைரக்டர் கேட்டார்.

அவன் கையைத் தூக்கினான்.

தெரியும் என்றுதான் தூக்கினான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தோளைத் தளர்த்தினான். சுவரில் ஒரு இடத்தைப் பார்த்தான். கண் இமைப்பதைக்கூட மெதுவாக்கினான்.

அக்கா அப்படித்தான் இருப்பாள்.

"கட். என்ன தம்பி இது? பைத்தியமா, பஸ்ஸுக்குக் காத்திருக்கியா?"

செட்டே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அடுத்த டேக்கில் கண்ணை உருட்டினான். நாக்கைத் தொங்கவிட்டான். நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். வாயில் துணியைத் திணித்தார்கள். பழைய ஹெட்போனில் செம்புக்கம்பி சுற்றித் தலையில் மாட்டினார்கள். டாக்டர் வேஷம் போட்டவர் சுவிட்சைத் தட்டினார்.

கம்பியில் ஒன்றும் இல்லை.

கட்டில் ஓர் அடி நகரும் அளவுக்குத் துள்ளினான்.

கைதட்டினார்கள். அவனுக்கென்று யாராவது கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே ஊருக்குச் சொல்லிவிட்டான். இன்ன வியாழக்கிழமை, ஏழரைக்கு, முகம் தனியாக வரும் என்று. என்ன வேடம் என்று அவன் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அப்போது அக்காவுக்குக் கரண்ட் வைக்கும் பேச்சே இல்லை.

அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

"வீட்டுல இடம் பத்தாதுல. டிவிய வாசல்ல தூக்கி வைக்கப் போறேன். அக்காளயும் சேர் போட்டு முன்னால உக்கார வைக்கேன். தம்பி மொகத்தப் பாத்தாவது வாயத் தொறக்காளான்னு பாப்போம்."

இதைச் சொன்னது இன்று மத்தியானம்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"அதுல வர்றது பொய்ம்மா. ஆஸ்பத்திரியில அப்படிக் கட்டிவச்செல்லாம் பண்ண மாட்டாங்க. டைரக்டர் துள்ளச் சொன்னாரு, நான் துள்ளுனேன். அவ்வளவுதான். அதப் பாத்துட்டு நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிராத. கஞ்சியும் எறங்கலன்னா அவ நமக்குக் கிடைக்க மாட்டா. அக்காவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். வாசிக்கிறது யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கு அந்த டிவிய மட்டும் போட விடாதீங்க."

நடுவில் அவன் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கியது எதுவும் எழுத்தில் வரவில்லை.

அனுப்பினான்.

"ஏய் பட்டுச்சட்டை, பந்தி ரெடி. வா."

அவன் நகரவில்லை.

நீலக் குறி விழுந்தது. யாரோ வாசித்துவிட்டார்கள்.

டெய்சி சித்தி என்றால் உடனே கைகூப்பும் படம் வரும். அவளுக்கு அது ஒன்றுதான் அனுப்பத் தெரியும்.

வரவில்லை.

திரையின் மேலே 'டைப்பிங்' என்று காட்டியது.

நின்றது.

மறுபடி காட்டியது.

அம்மாவுக்குத் தட்டத் தெரியாது. அந்த வீட்டில் தமிழில் தட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். மூன்று வருடம் டிடிபி கடையில் வேலை பார்த்தவள். நான்கு மாதமாகப் போனைக் கையால் தொடாதவள்.

நின்றது.

"லட்டு ஆறிப்போகுதுப்பா!" யாரோ கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள்.

மறுபடி காட்டியது.

மைக்கை அழுத்தினான்.

"அக்கா. நாளைக்கு அம்மாகூடப் போ அக்கா."